ஒன்பது எழுத்தில் பெயர் வைத்த அக்காவுக்கு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. தொடங்கியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் பிறந்தபோது, "வாய் நிறையக் கூப்பிடுற மாதிரி இருக்கணும்டா" என்று சொல்லி ஒன்பது எழுத்தில் ஒரு பெயரை வைத்தாய். இரண்டெழுத்து போதும் என்ற என் மனைவியின் பேச்சு அம்பலம் ஏறவில்லை. கூப்பிடுவது சரி, அதை எழுதப்போகிறவள் யார் என்று யோசித்தாயா? உனக்கென்ன, பெயரை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாய்.

அவளுடைய மழலையர் பள்ளியில் ஒரு வழக்கம். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் வாசலில் இருக்கும் குட்டி மேசையில் தன் பெயரைத் தானே சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். போட்டால்தான் விளையாட விடுவார்கள். அதுவரை கொண்டுவந்து விட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டெழுத்துக்காரன் ஒருவன் வருகிறான், கிறுக்குகிறான், சறுக்குமரத்தில் ஏறிவிடுகிறான். என் மகளோ முதல் எழுத்தைப் போட்டு, அழித்து, பென்சிலைச் சீவித் தரச் சொல்லி, தண்ணீர் கேட்டு, நாலாவது எழுத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். முழங்கால் மோவாயில் இடிக்க அந்தக் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, "இன்னும் அஞ்சுதான் கண்ணு, எழுதும்மா" என்று நான் கெஞ்சிக்கொண்டிருப்பேன். இந்த மாதம் மட்டும் பதினோரு நாள் வங்கிக்குத் தாமதம். மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். மகள் பெயர் நீளம் என்றா எழுதிக் கொடுப்பது?

வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. தட்டில் மாவைப் பரப்பி விரலால் எழுத வைத்தேன், களிமண்ணை உருட்டி எழுத்து செய்தேன், புள்ளி வைத்துக் கொடுத்தேன். புள்ளிகளை எல்லாம் இணைத்து ஒரு மீசை வரைந்து, "இது நீதான்ப்பா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இடது கையால் நானே கோணல்மாணலாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பதினாறு வருடமாக வங்கியில் கள்ளக் கையெழுத்துப் பிடிப்பவன் நான், அக்கா! அவளோ விளையாட ஓடாமல் என் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிய்த்துவிட்டு ஓடினேன். வியாழன் வரை மூன்று நாளும் இதே கூத்து. மூன்றாம் நாள் டீச்சர் சீட்டுகளை நீட்டினார். "சார், பாப்பா எழுத்து இதைவிட நல்லா இருக்கும். இனிமே நீங்க எழுதாதீங்க." சுற்றி நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். இரண்டெழுத்துக்காரனும் சிரித்தான். எனக்கு அழுகை வந்தது.

ஆகவே அவள் பெயரை மாற்றப் போகிறேன். மனு எழுதியாயிற்று, நாளை கொடுக்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

அத்தானுக்கு வணக்கம். உன் பிள்ளைகளுக்கு ஆசிகள்; அவர்களுக்கு மட்டும் மூன்றெழுத்தில் வைத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை.

இப்படிக்கு, மனம் நொந்து,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மகளிடம், "அத்தைக்கு நீயும் எழுதுறியா?" என்று கேட்டேன். தாளைத் திருப்பிப் பார். ஒன்பது எழுத்தும் ஒரே மூச்சில், ஒரு பிழையில்லாமல். "அப்புறம் ஏம்மா ஸ்கூல்ல எழுத மாட்டேங்கிற?" என்றேன். "எழுதி முடிச்சா நீ போயிடுவியேப்பா" என்றாள். மனுவைக் கிழித்துவிட்டேன். நாளைக்கும் எனக்குத் தாமதம்தான்.