கதண்டுக் கூட்டில் கைவிட்ட மாரக்காள்

1979இல் போதமலை அடிவாரத்தில் ஒரு தேவதை தழை தின்றது. சந்தேகமே வேண்டாம், ஊரே சொன்னது. காட்டு நெல்லி காய்க்காததற்கு வனதேவதையின் கோபம்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் கிளைச்சாமியார். பரிகாரம்? அமாவாசைதோறும் வீட்டுக்கு ஒரு நெல்லிக்கிளை அவர் காலடியில். மாலையில் குவியும் தழை, விடிந்தால் வெறும் குச்சி. "தேவதை பசியாறிட்டா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மல்லசமுத்திரத்திலிருந்துகூட ஜனம் பஸ் ஏறி வந்தது. சாமியாரின் மடத்துக்குப் பின்னால் நாற்பது வெள்ளாடுகள் கொழுத்து நின்றதை ஒருவரும் கேட்கவில்லை. பக்தியில் மூக்கும் அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

மாரக்காளுக்கு இந்தப் பக்தி கட்டுப்படியாகவில்லை. நெல்லிக்காயை ராசிபுரம் சந்தையில் விற்றால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். கூடையோ காலி. ஊரில் யாரும் மரமேறிக் காய் பறிப்பதில்லை; கிளையோடு வெட்டிச் சாய்த்து, நிழலில் உட்கார்ந்து உருவுவார்கள். அவளும் அப்படித்தான் உருவினாள். இப்போது பரிகாரத்துக்கும் அதே அரிவாளா என்று அவளுக்கு உறுத்தியது.

சாமியார் வந்த வருஷமே, கொட்டினால் ஆளையே சாய்க்கும் கதண்டு வண்டுகள் விட்டுப்போன கூடு ஒன்றை மடத்தருகே ஒரு நெல்லி மரத்தில் ரகசியமாகக் கட்டிவிட்டாள். அதன்பின் அந்தப் பக்கம் அரிவாள் போகவில்லை. மூன்றாம் மார்கழியில் அந்த மரம் மட்டும் கிளை தாங்காமல் காய்த்தது.

"எம்மந்திரம் பலிச்சுருச்சு!" என்றார் சாமியார். அந்த அமாவாசைக் காணிக்கை அந்த மரத்தடியிலேயே குவிந்தது.

"சாமி, மத்த மரமெல்லாம் மொட்டையா நிக்குது. இதுல காணிக்கைக்கு வெட்டுன தழும்பு எங்கீங்க?" என்று கேட்டாள் மாரக்காள்.

சாமியார் அண்ணாந்து கூட்டைக் காட்டினார். "இது... தேவதை குடியிருக்கற மரம். கதண்டுதான் அவ காவல். தொட்டா ரத்தங்கக்கிச் சாவே!"

மாரக்காள் சேலையை இழுத்துச் செருகி மரமேறினாள். கூட்டுக்குள் கையை விட்டாள்.

முதலில் ஓடியவர் சாமியார்தான். மந்திரமெல்லாம் மறந்து, வேட்டி ஒரு பக்கம், தாம் ஒரு பக்கம். ஓடிய வேகத்தில் ஆட்டுப்பட்டியின் தட்டியை மிதித்துச் சாய்த்தார்.

மாரக்காள் கூட்டைப் பிய்த்துக் கீழே போட்டாள். "பயப்படாதீங்க, வெறுங்கூடு. சணல்ல நாந்தான் கட்டுனேன்."

"அப்பத் தழையெல்லாம் ஆரு தின்னது?" என்று திகைத்தார் மூன்று வருஷமாகக் கிளை சுமந்த சின்னுசாமி.

பட்டியிலிருந்து நாற்பது தேவதைகளும் வரிசையாக வந்து குவியலில் வாய் வைத்தன.

அப்போதும் புத்தி வந்ததா? இரண்டு பேர் அந்த வெறுங்கூட்டுக்குக் குங்குமம் வைக்கக் கிளம்பினார்கள்!

மாரக்காளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "மொதல்ல அருவாள ஊட்டுல வெச்சுட்டு வாங்க. நானுந்தான் வெட்டுனேன், எம் வாயில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன். மரத்துக்குக் கையிருந்தா, அதுதான் நம்மளக் கும்புட்டிருக்கும், 'உட்டுருங்க சாமி'ன்னு!"