எங்கள் ஆபீஸ் ஸ்டாப்பிங் அக்கா

உலகத்தில் நடக்கும் சண்டை சச்சரவு அத்தனைக்கும் மூல காரணம், எங்கோ ஒரு சின்ன ஸ்டேஷனில் ஏதோ ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனதுதான் என்று மனதார நம்பிய ஒரே மனுஷி எங்கள் ஆபீஸ் ஸ்டாப்பிங் அக்காதான். புருஷன் பெண்டாட்டி தகராறா, பங்காளிச் சண்டையா, இரண்டு நாட்டுப் போரா, எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்துவிட்டு, "அந்த ஊர்ல வண்டி நிக்குமா?" என்பார்.

ஆபீஸ் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடி. கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குப் பேப்பர் வேலை செய்து கொடுக்கும் கம்பெனி. பாஸ், அக்கா, நான், வாசல் மேசையில் மே லிங் ஆன்ட்டி. அவ்வளவுதான் ஜனத்தொகை. மே லிங் ஆன்ட்டி டெக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரருக்கு மகளாகப் பிறந்தவர். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிறவர்களைத் திட்டுகிற அளவுக்குத் தமிழ் தெரியும். அக்காவுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்து வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீ எந்த ஸ்டேஷன்மா?"

"பாசிர் ரிஸ்க்கா."

"எக்ஸ்பிரஸ் நிக்குமா?"

"எல்லா ட்ரெயினும் நிக்கும்க்கா. அதுதான் கடைசி ஸ்டேஷன். நிக்கலன்னா கடலுக்குள்ள போயிரும்லா."

அக்கா சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டார். "குடுத்து வெச்ச ஊரு" என்றார்.

அக்காவின் ஊர் ஆலங்கரை. ஸ்டேஷனின் பெயர் ஆலங்கரை ரோடு. ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் நிறைய வயலும் உண்டு. ரோடு என்று பெயர் வைத்த பாவத்துக்கு, அது பஸ் நிற்கும் இடம் என்று ரயில்வேக்காரர்கள் நினைத்துவிட்டார்களோ என்பது அக்காவின் நெடுநாள் சந்தேகம். பாசஞ்சர் வண்டி நிற்கும். சென்னைக்குப் போகும் எக்ஸ்பிரஸ் மட்டும் நிற்காது. ஆகவே சென்னைக்குப் போகிறவர்கள், சென்னைக்கு எதிர்த்திசையில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போக வேண்டும். அங்கே எக்ஸ்பிரஸ் ஏறினால், அது கிளம்பி வந்து ஆலங்கரை ரோடு வழியாகவே பறக்கும்.

"எங்க வீட்டுக் கொல்லை தெரியும்மா. கொடியில காயிற துணி தெரியும். அம்மா ஜன்னல் வழியா பாத்துட்டு, 'ஐயோ, மாட்டுக்குத் தண்ணி காட்டலையே'ம்பாங்க. இறங்கிக் காட்டிட்டு வர முடியுமா?"

இந்தக் கதையை நாங்கள் தீபாவளிக்குத் தீபாவளி கேட்கவில்லை. டீக்கு டீ கேட்டோம்.

அக்காவோடு எம்ஆர்டி ரயிலில் போவது தனி அனுபவம். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது எட்டிப் பார்ப்பார். "ரெண்டே பேருதான் இறங்குறாங்க. ஆனா கதவு முழுசா தெறக்குது பாரு" என்று தழுதழுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மே லிங் ஆன்ட்டியையும் ஏதோ ஒரு வெறிச்சோடிய நிலையத்தில் இறக்கிவிட்டார். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. ஏன் இறங்கினோம் என்று கேட்டேன்.

"யாருமே இறங்கலன்னா நாளைக்கு இதுவும் வேணாம்னு சொல்லிருவாங்க. நம்மளால ஆனது."

மூன்று பேரும் மேலே போய் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். ஒரு ரயில் நிலையத்தைக் காப்பாற்றிய களைப்பு அக்காவின் முகத்தில் தெரிந்தது.

பாஸுக்கும் அக்காவுக்கும் நடக்கும் வாக்குவாதம்தான் எங்கள் ஆபீஸின் பொழுதுபோக்கு. பாஸ் சிங்கப்பூரில் பிறந்து, துறைமுகத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். டீ கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"இங்க பாருங்க, சிங்கப்பூர்ங்கிறதே ஒரு ஜங்ஷன்லா. சின்ன போர்ட்ல இருந்து சின்னக் கப்பல்ல வரும். இங்க இறக்கி, பெரிய கப்பல்ல ஏத்தி விடுவோம். ஒவ்வொரு சின்ன போர்ட்டுக்கும் பெரிய கப்பல் டைரக்டா போய் நின்னா, கட்டுப்படியாகுமா? அப்புறம் நமக்கு இங்க என்ன வேலை? ட்ரெயினும் அப்படித்தான். பத்து பேருக்காக ஆயிரம் பேர் வெயிட் பண்ணணுமா?"

நியாயமாகத்தான் இருந்தது. நானும் மே லிங் ஆன்ட்டியும் அக்காவைப் பார்த்தோம். அக்கா பிஸ்கட்டை டீயில் நனைத்து, சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கன்டெய்னருக்கு மூட்டு வலி வராது சார்" என்றார்.

பாஸ் கப்பைக் கழுவப் போய்விட்டார்.

அந்த மூட்டு வலி அக்காவின் அம்மாவுடையது. சென்னையில் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் ஏறும்போது அம்மா கீழே விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு, "காலு எப்படியோ இருந்துட்டுப் போகட்டும், அந்த ஆட்டோவுல மட்டும் ஏற மாட்டேன்" என்று சென்னைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். தம்பி கெஞ்சிப் பார்த்தான். அக்கா தினமும் போனில் கெஞ்சினார். அம்மா அசையவில்லை. இதை அக்கா எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மற்ற நேரமெல்லாம் ரயில், ரயில் என்று சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கோவிலுக்கு அழைத்துப் போனார். அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள், "பேரு?" என்றார்.

"எக்ஸ்பிரஸ்."

சிராங்கூன் சாலையில் அர்ச்சனை செய்கிறவருக்கு எந்தப் பெயரும் புதிதில்லை. நிதானமாக, "நட்சத்திரம்?" என்று கேட்டார்.

"தெரியாது சாமி."

"சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று உள்ளே போனார்.

அந்த அர்ச்சனையால்தானா, ஆலங்கரைக்காரர்கள் வருடக்கணக்காக நடையாய் நடந்ததால்தானா தெரியாது. சில மாதம் கழித்து, அக்காவின் தம்பி போன் செய்தான். எக்ஸ்பிரஸ் ஆலங்கரை ரோட்டில் நிற்கப் போகிறது. நிரந்தரமாக இல்லை, சோதனைக்காக. கொஞ்ச காலம் நிறுத்திப் பார்ப்பார்கள். ஆள் ஏறி இறங்கினால் தொடரும். இல்லையென்றால் ரத்து.

அக்கா போனை வைத்துவிட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். மே லிங் ஆன்ட்டி யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து டிஷ்யூ டப்பாவோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "ட்ரெயின் நிக்குதா, அதுக்கு அழுவாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானும் ஒரு டிஷ்யூ எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையிலிருந்து அக்கா ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் ஆகிவிட்டார். சாப்பாட்டுக் கடையில் சர்வரைப் பிடித்தார். பூக்கட்டும் அம்மாவைப் பிடித்தார். "லீவுல ஊருக்குப் போறீங்களா? எங்க ஊர்ல இறங்கிட்டுப் போங்களேன்" என்பார். "நான் மதுரைங்க" என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். "மதுரைக்கு அப்புறம் போலாம், அது எங்க போயிரப் போவுது" என்று பதில் வந்தது. பாஸ், "எனக்கு முதுகு வலி" என்று தப்பித்துக்கொண்டார். கடைசியில் சிக்கியது நானும் மே லிங் ஆன்ட்டியும். ஆன்ட்டிக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கும் ஆசை ரொம்ப நாளாக இருந்தது. சேலை கட்டத் தெரியாது, இருந்தாலும் ஆசை. எனக்கு, பிறந்ததிலிருந்து ஒரு முழு நாள் ரயிலில் போனதே கிடையாது என்கிற வெட்கம்.

சென்னையில் காலையில் ஏறினோம். கடைசிப் பெட்டி. அக்கா ஓர் இடத்தில் உட்காரவில்லை. பெட்டிப் பெட்டியாக நடந்து, ஆலங்கரை ரோட்டில் இறங்கப் போகிறவர்கள் யார் யார் என்று விசாரித்து, அத்தனை பேரையும் உறவாக்கிக்கொண்டு வந்தார். ஒரு கல்லூரிப் பெண், பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தம்பதி, நெல் வியாபாரி, கைக்குழந்தையோடு ஒரு தாய். நிறைய பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் பார்த்து வந்து, "இன்னொருத்தரும் இருக்காங்க" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு மறுபடி போனார்.

வண்டி நின்றது. சத்தியமாக நின்றது. ஆனால் எங்கள் பெட்டி நின்ற இடத்தில் பிளாட்பாரம் இல்லை. பாசஞ்சருக்குக் கட்டிய பிளாட்பாரம் எக்ஸ்பிரஸின் நீளத்துக்குப் போதவில்லை. கதவைத் திறந்தால் கருவேலம் புதர். அதற்கு அப்பால் வயல். தூரத்தில் பிளாட்பாரத்தில் மாலையும் மேளமுமாக ஒரு கூட்டம். சிங்கப்பூரிலிருந்து ஆள் வருகிறது என்று தம்பி பறை சாற்றியிருந்தான். அந்தக் கூட்டம் எங்களைப் பார்த்துவிட்டு, மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டி ஓடி வரத் தொடங்கியது. மேளக்காரர் ஓடிக்கொண்டே அடித்தார்.

"கலா, நீ முதல்ல குதி. ஆன்ட்டியப் பிடிச்சுக்க" என்றார் அக்கா. நான் குதித்தேன். ஆன்ட்டியின் கைப்பையை வீசினார், பெட்டியை இறக்கினார், பிறகு ஆன்ட்டியையும் ஏறக்குறைய அதே மாதிரி இறக்கினார். அடுத்து எங்கள் பெட்டியில் இருந்த மற்றவர்கள். குழந்தை வந்தது. அதன் தாய் வந்தாள். தம்பதி வந்தார்கள். நெல் வியாபாரியின் சாக்குப் பை வந்தது. "மெதுவா, மெதுவா, நிக்கும், நம்ம வண்டிதான்" என்று அக்கா ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது.

"அக்கா, நீங்க இறங்கலயே" என்று கத்தினேன். அக்கா வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், தலைக்கு மேலே, அபாயச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினால் போதும். தூக்கினார். எங்களுக்கு டாட்டா காட்டினார். வண்டி அவரை ஜங்ஷனுக்குக் கொண்டு போயிற்று.

கொண்டு வந்த மாலையெல்லாம் மே லிங் ஆன்ட்டியின் கழுத்தில் விழுந்தது. பிளாட்பாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவின் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "எம் பொண்ணு எங்க கண்ணு?" என்று கேட்டார். நான் ரயில் போன திசையைக் காட்டினேன். அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "பந்தியில எல்லாருக்கும் பரிமாறிட்டு, தான் சாப்பிட மறந்துரும். சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்றார்.

வெயில் தாழ்ந்த பிறகு அக்கா வந்து சேர்ந்தார். ஷேர் ஆட்டோவில். தலைமுடி பறந்து, முகமெல்லாம் புழுதி.

"செயினை இழுத்திருக்கலாமேக்கா" என்றேன்.

"இழுத்தா வண்டி லேட்டாகும். ஆலங்கரை ரோட்டால லேட்டுன்னு எழுதி வெச்சிருவாங்க. அதோட போச்சு." செருப்பை உதறிக்கொண்டே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா நின்னுச்சுல்ல?" என்று கேட்டார்.

"நல்லா நின்னுச்சுக்கா."

மறு வாரம் அம்மா அந்த வண்டியில் ஏறிச் சென்னைக்குப் போனார். பிளாட்பாரத்தில் தம்பி கூடவே நடந்து போனதோடு சரி, யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சோதனைக் காலம் முடிந்தது. இன்னொரு முறை நீட்டித்தார்கள். பிறகு நிரந்தரமாக்கினார்கள். "ரெண்டு டிக்கெட் எக்ஸ்ட்ரா போனதுக்கா நின்னுச்சு?" என்று பாஸ் கேட்டார். எங்களால் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். அந்தக் கல்லூரிப் பெண்ணைப் போல அடிக்கடி ஏறி இறங்கியவர்களால்தான். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தெல்லாம் வந்து ஏறுகிறார்கள் என்று தம்பி சொன்னான். அவர்கள் இத்தனை நாள் இல்லாமல் இல்லை, வண்டிதான் இல்லை. அதை பாஸிடம் சொன்னேன். "ஓகே லா" என்றார். பாஸ் தோல்வியை ஒப்புக்கொள்வது அந்த இரண்டு சொல்லில்தான்.

போன வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து, கூட ஆள் வேண்டும் என்றதும், அக்கா வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டார். சாங்கி விமான நிலையத்துக்கு மூன்று பேரும் போயிருந்தோம். பயணச் சீட்டைப் பார்த்த பாஸ் திகைத்துவிட்டார்.

"ஏம்மா, சென்னைக்கு எடுத்திருக்கீங்க? திருச்சிக்கு டைரக்ட் ஃபிளைட் இருக்கு. அங்கிருந்து உங்க ஊர் பக்கம்லா. வாழ்நாள் பூரா டைரக்ட், டைரக்ட்னு என் உயிரை எடுத்துட்டு, இப்ப சுத்திக்கிட்டுப் போறீங்க?"

"சென்னையில இறங்கினாத்தான் சார் நம்ம வண்டியில போக முடியும்" என்றார் அக்கா. "நானே திருச்சி வழியா போனா நல்லாவா இருக்கும்?"

பாஸ் அவருடைய பெட்டியை வாங்கிக்கொண்டார். முதுகு வலிக்காரர், வரிசை முடியும் வரை அதைக் கீழே வைக்கவேயில்லை. மே லிங் ஆன்ட்டி, இறங்கும்போது ஜாக்கிரதை, முதல் ஆளாக இறங்கு என்று தமிழிலும் சீனத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். செய்ய மாட்டார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் இடத்துக்கு வந்திருப்பவர் கெட்டிக்காரர். வேலை சுத்தம். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. இப்போதெல்லாம் எங்கள் டீ சீக்கிரமாக முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகும் நாங்கள் மூவரும் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறோம்.