சோளத்தைத் தின்றது யானை அன்று என்பதற்குச் சான்று கோரி

கடித எண் 9/2019
சகல்லா மலையடிவாரம், வொய் அருகில்
2019 ஜூலை 18, வியாழக்கிழமை, காலை 10.40 மணி

பொருள்: தங்கள் ஜூலை இதழின் பதினோராம் பக்கத்து யானையும் என் பக்கத்து வயல்காரரும் தொடர்பாக.

நைரோபி ‘வரிக்குதிரை’ சிறுவர் மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் உடல்நலத்துடன், குறிப்பாக நல்ல கண்பார்வையுடன், இருப்பீர்களென நம்புகிறேன். கண்பார்வையைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. ஜூன் இதழில் வந்த காண்டாமிருகத்துக்குக் கொம்பு ஒன்றே இருந்தது. நம் நாட்டுக் காண்டாமிருகத்துக்கு இரண்டு. மற்றொன்றை யார் எடுத்தார்கள் என்று நான் இப்போது கேட்கவில்லை.

ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராயிருந்து ஓய்வுபெற்ற ஹெசெக்கியா முவாடிமே ஆகிய நான், பேத்திக்காகச் சந்தா கட்டி, அவளுக்கு முன்பே தங்கள் இதழை வாசித்து முடிப்பவன். ஜூலை இதழில், தேனீக்கள் குடியிருக்கும் பெட்டிகளைக் கம்பியில் கோத்து வயலைச் சுற்றித் தொங்கவிட்டால் யானை அந்த வேலியைத் தாண்டாது, கம்பியில் இடித்தால் பெட்டிகளெல்லாம் ஆடி, தேனீக்கள் வெளியே வந்து தும்பிக்கைக்குள்ளேயே கொட்டிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வயலைச் சுற்றியும் அப்படித்தான் தொங்குகின்றன. பக்கத்து வயலின் கிரிஸ்பின் நியாம்புவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரே வேலி, பாதியில் அவர் பெட்டிகள், பாதியில் என் பெட்டிகள். அப்படியிருக்க, ஜூலை 16, செவ்வாய்க்கிழமை விடிந்து பார்த்தபோது என் சோளத்தில் கால்வாசி இல்லை. யானை தாண்டாதென்று தாங்களே அச்சிட்டுவிட்டதால், தாண்டியது மனிதர் என்றாகிறது. நியாம்பு முன்னாள் பேருந்து ஓட்டுநர். அவர் உகாலி என்னும் சோளமாவுக் களியை உண்பதை நேரில் கண்டவன் நான். தங்கள் யானை நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ உண்ணும் என்கிறீர்கள். மனிதரால் முடியாது என்று எங்கும் சொல்லவில்லை.

காலடித்தடம் இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இல்லை. வயலோரத்தை நாள்தோறும் ஆறு மணிக்கு நானே பெருக்கிவிடுகிறேன். அதன்பிறகே சேதத்தைக் கவனித்தேன். வரப்பில் கூடையளவு சாணம் மட்டும் கிடந்தது. சூடாக இருந்தது. இவ்வளவு முன்யோசனையோடு ஒருவர் யானையின் மேல் பழி போடுவாரென நான் எதிர்பார்க்கவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

“யோவ் மாஸ்டர், யானைச் சாணிய நான் எங்க போய் வாங்குறது? கடையிலயா விக்கிது?” என்றார் நியாம்பு.

“அதைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்” என்றேன்.

“முதல்ல உங்க பெட்டியில காத வச்சுப் பாருங்க. சத்தமே இல்ல. ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. தேனீ வந்து ஊசி போடும், போட்டுக்க வராது!”

இங்கே ஒரு விளக்கம் அவசியம். ஜூலை 6, சனிக்கிழமை, என் பெட்டிகள் அனைத்தையும் உள்ளும் புறமும் கிருமிநாசினி சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணிட்டேன். உள்ளே இருந்த பிசுக்கு சொல்லத் தரமன்று. அன்று முதல் என் தேனீக்கள் நியாம்புவின் பெட்டிகளில் தங்குகின்றன. எதைக் காட்டி இழுத்தார் என்று விசாரிக்க வேண்டும்.

என் மனைவி வாகேஷோவும் நம்பகமாக இல்லை. “மூகோய் அப்பா, பாவம்ங்க அந்த மனுசன். ஊர்க்கூட்டத்துல திருடன்னு சொல்லிட்டா அவரு பங்கு வேலிய அறுத்துருவாங்க. அப்பறம் ரெண்டு வயலும் போச்சு, வருசம் பூரா எதத் திங்கிறது?” என்கிறாள். நியாம்பு இவளுக்குப் பூசணிக்காய் கொடுத்ததை நான் மறக்கவில்லை.

நாளை, 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு ஊர்த்தலைவர் முன்னிலையில் என் மனு விசாரணைக்கு வருகிறது. நியாம்புவை வேலிக் குழுவிலிருந்து நீக்கக் கோரியுள்ளேன். எனவே ‘யானை தேனீ வேலியைத் தாண்டவே தாண்டாது’ என்று தங்கள் கையொப்பமும் முத்திரையும் இட்ட சான்று ஒன்றை, இக்கடிதம் வரும் இன்று மாலைப் பேருந்து இரவே திரும்பும்போது அதிலேயே அனுப்பிவைக்கவும்.

அடுத்த இதழில் நீர்யானை வருமென அறிவித்துள்ளீர்கள். பகலெல்லாம் கண்ணையும் காதையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இருக்கும் பிராணிக்கு மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது, சிறுவர்களை எச்சரிக்கவும். ஒட்டகச்சிவிங்கியும் அப்படியே. என் குளியலறைச் சுவருக்கு மேலாகப் பார்ப்பதில் அதற்கென்ன வேலை?

தங்கள் இதழ் வளர்க, தங்கள் ஓவியர் திருந்துக என வாழ்த்தும்,
ஹெ. முவாடிமே

பின்குறிப்பு, அதே நாள், மாலை 5.50 மணி: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சான்று அனுப்ப வேண்டாம். நாலரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், கொம்பன் ஒன்று வேலியில் என் பெட்டிகள் தொங்கும் பக்கத்துக்கு வந்தது. நான்காம் எண் பெட்டியை முகர்ந்தது. தும்மியது. பிறகு கம்பியை மார்பால் தள்ளிக்கொண்டு, என் வீட்டு விருந்தாளியைப் போல் உள்ளே நுழைந்து சோளத்தை முறித்தது. நான் தண்ணீர்த்தொட்டியின் மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்பது நினைவில்லை.

நியாம்பு ஓடிவந்து, “மாஸ்டர்! மனுவுல நியாம்புன்னு எழுதுனீங்களே, அது இவருதான். நல்லா அடையாளம் பாத்துக்குங்க!” என்று கத்தியவாறே தம் பக்கத்துக் கம்பியைப் பிடித்து உலுக்கினார். அவருடைய தேனீக்களும், அவரிடம் தங்கியிருக்கும் என் தேனீக்களும் ஒன்றாக வந்தன. கொம்பன் காதை விசிறிக்கொண்டு மலைப்பக்கம் ஓடிவிட்டது. நான் ஓட வழியில்லாத இடத்தில் இருந்தேன். மூக்கு வீங்கியிருப்பதால் கையெழுத்துச் சரியில்லை, மன்னிக்கவும்.

மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நியாம்பு ஒப்பவில்லை. “திரும்ப எடுக்காதீங்க. நாளைக்குக் கூட்டத்துல நீங்களே படிங்க. என் பேரு வர்ற எடத்துலெல்லாம் யானைன்னு மாத்திக்கிட்டாப் போதும்” என்கிறார். படித்துப் பார்த்தேன். ‘உகாலி உண்பதை நேரில் கண்டேன்’ என்ற வரியைத் தவிர மற்றதெல்லாம் சரியாகவே பொருந்துகிறது. இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது. எதுவென்று இன்னும் புலப்படவில்லை.

இணைப்புகள்:
1. பிஸ்கட் டப்பாவில் காய்ந்த சாணம். மூடியில் ‘நியாம்புவின் தயாரிப்பு’ என்றிருப்பதை அடித்துவிடவும்.
2. எண் 4 என எழுதிய பலகைத்துண்டு, யானை மூச்சு பட்டது.
3. கிருமிநாசினி சோப்பு, பாதிக் கட்டி. இது இனி இந்த ஊரில் இருக்கக் கூடாதென்று நியாம்பு சொல்லிவிட்டார்.