கடலடி சின்தசைசர்

"இன்னும் கொஞ்சம் கரகரன்னு வேணும், ரெமிஜியஸ்" என்றார் சேஷகிரி.

ரெமிஜியஸ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். விவேக் நகர் சர்ச்சில் இருபது வருஷமாகப் பாட்டுக் குழுவுக்கு வாசிக்கிறவர். பொறுமைசாலி என்று பேர் எடுத்தவர். அந்தப் பேருக்கு மூன்று நாளாகச் சோதனை.

"சார், இதுக்கு மேல கரகரன்னா அது மியூசிக் இல்ல, தொண்டை கட்டினது."

"அதேதான்! கடலுக்குத் தொண்டை கட்டினா எப்படி இருக்கும்? அது வேணும்."

"சும்மா டைம் வேஸ்ட் பண்றோம் சார். நீங்க பாடறது எந்த ஸ்கேல்லயும் இல்ல."

பாவம், சேஷகிரியைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லாம் வேலை போய்விடுமோ என்ற பயம். தூக்கம் வராதவர்களை ஃபோன் மூலம் தூங்கவைக்கும் கம்பெனியில் அவர் டெஸ்டிங் மேனேஜர். வயது நாற்பத்தேழு. அந்த ஊரில், அந்தத் தொழிலில், அது கிட்டத்தட்டச் சஷ்டியப்தபூர்த்தி.

புதிதாக வந்த தலைமை அதிகாரி சஹானாவுக்கு முப்பத்தொன்று. ஆட்களைக் குறைக்கப் போகிறவள், ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்களுக்குள்ள இருக்கற குழந்தைக்கு என்ன பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டாள். சேஷகிரிக்கு முன்னால் போன இருவர் கிரிக்கெட் என்றார்கள். நேரே வீட்டுக்குப் போனார்கள்.

சேஷகிரி பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆறு வயதில், மல்லேஸ்வரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் பார்த்த டாகுமெண்டரி. கடலுக்கடியில் துருப்பிடித்துக் கிடக்கும் கப்பல். முக்குளிப்பவரின் விளக்கு வெளிச்சம். அப்போது பின்னணியில் ஒரு சின்தசைசர் இசை... வாயைக் குவித்து "ஊஊஊம்" என்று ஊதியே காட்டினார்.

சஹானாவின் கண் கலங்கிவிட்டது.

"வாவ்! இதுதான் சார் நம்ம ஆப்போட ஆத்மா. ஃபேமிலி டே அன்னிக்கே லாஞ்ச் பண்றோம். நீங்கதான் லீட். ஆனா அந்த மியூசிக்தான் வேணும், வேற எதுவும் வேண்டாம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

இன்டர்நெட்டில் டாகுமெண்டரி பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. அதே கப்பல், அதே துரு, அதே மீன். ஆனால் பின்னணியில் யாரோ ஒரு புண்ணியவான் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராயிருந்தாலும் நமக்குத்தான் மறந்துபோச்சு என்று நினைத்திருப்பார்கள். சேஷகிரியா?

"மாத்திட்டா!" என்று கத்தினார்.

அவர் மனைவி அம்ருதா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யார் என்னத்தை மாத்தினா?"

"மியூசிக்கை! ஏதோ ரைட்ஸ் தகராறு. சின்தசைசரைத் தூக்கிட்டு வயலினைச் சொருகியிருக்கா. அக்கிரமம்!"

"உங்க ஞாபகம் தப்பா இருக்கப்படாதா?"

"ஆறு வயசுல கேட்டது அம்ருதா. ரத்தத்துல ஊறினது!"

அந்த ஆவேசத்தை அப்படியே வீடியோவுக்குக் கீழே எழுதிப் போட்டார். மறுநாளுக்குள் உலகம் முழுவதிலுமிருந்து நூறு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் அந்த சின்தசைசர் நினைவிருக்கிறது, அழுதேன், பிறகு சாப்பிடவே இல்லை என்றார்கள். ரயான் என்று ஒருவர், அந்த இசைத்தட்டு தன் வீட்டில் இருந்ததாகவும் அதன் உறை நீல நிறம் என்றும் எழுதினார். நமக்குத் தெரியாத நீலமா என்று சேஷகிரிக்கு வயிறு எரிந்தது. குழு ஆரம்பித்தார்கள், அவரையே தலைவராக்கினார்கள். இசை ஒருவரிடமும் இல்லை. கண்ணீர் மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

சஹானா அந்தக் குழுவைப் பார்த்தாள். "சார், ஃபேமிலி டேயை இவங்களுக்கும் லைவ்ல காட்டறோம்!"

இனித் தப்பிக்க வழியே இல்லை என்று ஆன பிறகுதான் ரெமிஜியஸைப் பிடித்தார்.

நான்காம் நாள் ரெமிஜியஸின் பொறுமை அறுந்தது. "கர்த்தரே, என்னை மன்னியும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு முழங்கைகளையும் கீபோர்டின் அடிக்கட்டைகள்மேல் பொத்தென்று வைத்து அழுத்தினார்.

"போதுமா சார்?"

"அதுதான்! கையை எடுக்காதீங்கோ! அப்படியே நடுநடுவில டக்குனு ஒரு தட்டு!"

ரெமிஜியஸ் வெறுப்பில் காலால் பெஞ்சை உதைத்தார். டக். டக். சேஷகிரிக்குத் தாரைதாரையாகக் கண்ணீர் வழிந்தது. நாற்பத்தொரு வருஷம் கழித்து அது திரும்பி வந்துவிட்டது. வேலையையே மறந்து, குழந்தைபோல் விம்மினார். ரெமிஜியஸ் கூடப் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

ஃபேமிலி டே வந்தது. ஹாலில் விளக்கை அணைத்தார்கள். திரையில் துருப்பிடித்த கப்பல் மிதந்து வர, ஸ்பீக்கர்களில் ஊஊஊம்... டக்... ஊஊஊம் என்று எழுந்தது. கம்பெனியே கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டது. இதேதான், இதேதான் என்று குழுவினர் வெளிநாடுகளிலிருந்து எழுதித் தள்ளினார்கள். நீல உறையை மறுபடி கண்முன் பார்த்ததாக ரயான் எழுதினார்.

சஹானா மேடையேறி, இனி கம்பெனியின் அடையாள இசை இதுதான் என்றும், சேஷகிரிதான் நாஸ்டால்ஜியா பிரிவின் தலைவர் என்றும் அறிவித்தாள். கைதட்டல் அடங்கவே இல்லை. வேலை தப்பியது. அம்ருதாவே முதல் தடவையாகப் புருஷனைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள்.

"சாரோட அக்கா மைசூர்லேர்ந்து வந்திருக்காங்க. சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒண்ணாவே கேட்டதாம்!" என்று சஹானா முன்வரிசைக்கு மைக்கை நீட்டினாள். "சொல்லுங்க மேடம், எப்படி இருக்கு?"

ஜெயலக்ஷ்மி எழுந்து, பூரிப்போடு கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினாள்.

"அச்சு அசல் அப்படியே இருக்குடா சேஷு! எதிராத்து டிவியை நம்மாத்து ஜன்னல்லேர்ந்துதானே பாப்போம், அதுல ஒரு சத்தமும் நமக்குக் கேக்காது. ஆனா கீழே மாவரைக்கிற ராகி மிஷின் பெல்ட்டு லூஸாகி முனகுமே, அதை எப்படிடா இத்தனை ஞாபகமா வெச்சிண்டிருக்கே?"