உடைக்காத காய் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்

தேவராஜ மொஹல்லா, மைசூர்
ஆடி வெள்ளி

அன்பு மகன் மதனுக்கு,

அப்பா காளியப்பன் எழுதிக்கொள்வது. புனேயில் உனக்கும் மருமகள் ஜீவிதாவுக்கும் ஒரு குறையும் வராமல் சாமுண்டியம்மா பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நான் நலம். 'நாங்கள் நலம்' என்று எழுதிப் பழகிய கை கொஞ்சம் தடுமாறுகிறது, பழகிவிடும்.

போனில் இந்தப் பேச்சை எடுத்தால் "விடுங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கடிதம் நடுவில் கட் ஆகாது.

போன வாரம் நம் இருவர் கணக்கையும் பார்க்கிற ஆடிட்டர் ஜகதீசன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தேங்காய்க் கடைக்காரனுக்கு என்ன புதிதாக வரப்போகிறது என்று வெறுங்கையோடு போனேன். அங்கே போன பிறகுதான் தெரிகிறது, தை மாதம் அம்மாவின் ஆபரேஷனுக்கு என்று நீ என் கையில் கொடுத்த பணம் பி.எஃப். பணம். பாங்கியில் சேர்த்து வைத்தது என்றல்லவா சொன்னாய்? உன் வயதான காலத்துச் சோற்றை இப்போதே வழித்து எடுத்திருக்கிறாய். அதுவும் வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் முடிவதற்குள். முற்றாத குலையை வெட்டினால் வியாபாரிக்கு நஷ்டம், உனக்கு வரி. கொடுக்கும்போதே பத்து சதவீதம் பிடித்துக்கொண்டார்களே, அதோடு முடிந்தது என்று நினைத்தாயா? அது வெறும் முன்பணமாம். சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு மீதியையும் கட்ட வேண்டுமாம். இந்தச் சேமிப்பைக் காட்டி முந்தைய வருடங்களில் நீ குறைத்துக் கட்டிய வரியையும் தோண்டி எடுக்கிறார்கள்.

நான் விடுவேனா? நாற்பது வருடமாகப் பேரம் பேசிப் பிழைப்பவன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்த பணத்துக்கு என்ன வரி என்று கேட்டேன். ஜகதீசன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உடம்புக்கு முடியாம போனது உங்க பையனுக்கா, வீட்டம்மாவுக்கா?"

"வீட்டுக்காரிக்கு."

"பையனுக்கே முடியாம வேலை போயிருந்தா வரி இல்லீங்க. அம்மாவுக்குன்னா உண்டு."

"அப்ப வரியே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் விலைக்கே ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

வேலையில் இருந்துகொண்டே வைத்தியத்துக்கு முன்பணமாகக் கேட்டிருந்தால் வரியே வந்திருக்காது என்றும் சொன்னார். நீ வேலையை விட்டுவிட்டு வந்து அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டவன், உனக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? "லீவு போட்டுட்டு வந்தியா கண்ணு?" என்று உன் அம்மா சரசு கேட்டாள். நீ ஆமாம் என்றாய். நீ காபி வாங்க வெளியே போனதும் என்னிடம், "பொய் சொல்றான். நீங்க ஒண்ணும் கேக்காதீங்க. பக்கத்துல இருக்கட்டும்" என்றாள். அதனால்தான் நானும் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள், அவள் அதற்கு முந்தின நாளே போய்விட்டாள். எதையும் சொன்ன நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு.

நீ கொடுத்த பணம் அப்படியே இருந்தது. ஒரு கட்டைக்கூட நான் பிரிக்கவில்லை. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு எடுத்துப் போனதில் மிஞ்சிய காயை உடைக்காமல் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம், காய்க்கு ஒரு ரூபாய் கழித்துக்கொண்டு. சர்க்கார் நம்மைவிடப் பெரிய கடை, அங்கே இது இல்லாமலா போகும் என்று நினைத்து, பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு பி.எஃப். ஆபீசுக்கே போய்விட்டேன். பையில் தேங்காய் நார் ஒட்டியிருந்ததால், வாசலில் இருந்த செக்யூரிட்டி பூஜைக்குக் காய் கொண்டுவந்தவன் என்று நினைத்து நேராக உள்ளே விட்டுவிட்டான். ஹம்ஸா என்று ஒரு பெண் அதிகாரி, நம்மூர்த் தமிழ்தான். மேஜைமேல் கட்டுகளை அடுக்கி, பையன் தெரியாமல் எடுத்துவிட்டான், பிரிக்கவே இல்லை, திரும்ப வைத்துக்கொண்டு ஐந்து வருடம் முடிந்ததும் கொடுங்கள், வேண்டுமானால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மா அவசரமாக ஃபைலை எடுத்துப் பணத்தை மூடினாள்.

"வாபஸ் வாங்கற வழக்கம் இங்க இல்ல சார். எடுத்தா எடுத்ததுதான்."

ஏன் எடுத்தான், ஏன் செலவாகவில்லை என்று கேட்டாள். சொன்னேன். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தாள். "பணம் வரலேன்னு சண்டை போட வர்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். குடுக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். கட்டுகளை அவளே பையில் போட்டு, ஆட்டோ வரைக்கும் கூடவே வந்தாள், வழியில் எவனாவது பிடுங்கிக்கொள்வான் என்று.

ஆகவே அந்தப் பணம் முழுவதையும் பாங்கியில் உன் பேரிலேயே டெபாசிட் போட்டுவிட்டேன். அதிலிருந்து ஒரு பைசா நான் தொட மாட்டேன், நீயும் தொடக்கூடாது. அம்மாவால்கூடச் செலவு செய்ய முடியாத பணத்தை வேறு யார் செலவு செய்வது? உன் மீதி வரியை நேற்று நானே கட்டிவிட்டேன். ஆஷாட வெள்ளிக்குச் சாமுண்டி மலைக்குப் போகிற கூட்டத்தில் காய் நன்றாக ஓடியது, அந்தப் பணம். நீ கவலைப்பட வேண்டாம். இனி ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள்: வயதான காலத்துக்கு என்று ஒதுக்கிய பணத்தில், யாருக்காகவும், எதற்காகவும், நானே சாகக் கிடந்தாலும் கை வைக்காதே. அப்படிக் கை வைப்பவன் வியாபாரம் தெரியாதவன்.

ஜீவிதாவுக்கு என் ஆசிகள். புதுக் கம்பெனியிலாவது வேரூன்றி நில். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும்
அப்பா காளியப்பன்

பி.கு.: காய் ஓடியது என்று எழுதியது பொய். ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது, மலைக்குப் போகிற காயில் என்ன பெரிதாக மிச்சப்படும்? என் பேரில் போட்டிருந்த பென்ஷன் பாலிசியை முதிர்வதற்கு முன்பே மூடிவிட்டேன். அதற்கும் வரி உண்டாம். ஜகதீசன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் அதை நீ கட்டிக்கொடு. எதை எடுத்துக் கட்டினாய் என்று மட்டும் எனக்குச் சொல்லாதே.