முள் இறங்காத கார்

மேலடுக்கு நகரத் தொடங்கியதை மருமகள் சிக்னலில் நின்றபோதுதான் கவனித்தாள்.

பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்த பிறந்தநாள் கேக் அது. கிளம்பும்போது நிமிர்ந்துதான் இருந்தது. இப்போது சொல்லாமல் கொள்ளாமல் கதவுப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. க்ரீம் ரோஜா ஒன்று இதழ் இதழாகக் கரைந்தது.

வெளியே தார் இளகும் வெயில். ஜன்னலைத் திறந்தால் புழுதி க்ரீமில் ஒட்டும். மூடினால் கார் அடுப்பாகும். அவள் கை ஏ.சி. பொத்தான் வரை போய், சூடு பட்டதுபோலத் திரும்பி வந்தது.

கார் மாமனாருடையது. சாவியைக் கொடுக்கும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஏ.சி.யை மட்டும் தொடாதம்மா. அது எஞ்சினோட தோள்ல ஏறி உட்கார்ற ஆள். அதைச் சுமக்கிறதுக்குத் தனியா பெட்ரோல் குடிக்கும். ஹீட்டர் வேணும்னா தாராளமா போட்டுக்கோ. அது இனாம்."

மாமனார் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். பாடம் எடுக்க வகுப்பு இல்லாததால் வீட்டுக்கே எடுத்தார். எரிகிற பெட்ரோலில் பாதிக்கு மேல் சக்கரத்துக்குப் போவதே இல்லையாம். வெறும் சூடாகக் காற்றில் கலந்துவிடுகிறதாம். வீணாகும் அந்தச் சூட்டில் ஒரு கை அள்ளி உள்ளே ஊதுவதுதான் ஹீட்டர். மருமகள் வாயைப் பிளந்து கேட்டாள். தெருவில் போகிற ஒவ்வொரு காரும் ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு போகிறது என்பதை அவள் அதுவரை யோசித்ததில்லை.

இனாம் என்பதால் போன குளிர்காலம் முழுக்க மாமனார் ஹீட்டரை முழு வேகத்தில் ஓட விட்டார். கண் டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் மாமியார் சால்வையைக் கழற்றினார், ஸ்வெட்டரைக் கழற்றினார், கடைசியில் பொறுமையையும் கழற்றினார்.

"இனாமா வருதுன்னு என்னை அவிச்சு எடுக்குறீங்களே!"

"தானா வர்றதை வேணாம்னு சொல்லக்கூடாது."

பெட்ரோலையும் அவர் ஒருபோதும் கால் டேங்குக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். நிரப்பினால் பாரமாம், பாரம் கூடினால் செலவு கூடுமாம். ஏ.சி. போடாமல் ஒரு நாள் ஓடினால் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் எங்கே நிற்கவேண்டுமோ அந்த இடத்தில், கண்ணாடிமேல் நூலளவு சிவப்பு நாடா ஒட்டியிருந்தார். மாலையில் சதுரங்க மன்றத்திலிருந்து திரும்பியதும் வீட்டார் முன்னிலையில் சோதனை நடக்கும்.

"முள் இதுக்குக் கீழ போச்சுன்னா, யாரோ ஏ.சி. போட்டிருக்காங்கன்னு அர்த்தம். சாவி என் சட்டைப்பைக்கு வந்துடும்."

சாவி போனால் அவள் தொழிலும் போகும். முன்பு வாடகை வண்டியில் அனுப்பிய கேக்கை, வாங்கியவர்கள் கரண்டியால் எடுத்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்துக்கு மூன்றடுக்குக் கேக் போகவேண்டும். அது நின்றபடி வந்து சேர்ந்தால் இனி எல்லா ஆர்டரும் அவளுக்கே என்று மண்டப மேலாளர் சொல்லியிருந்தார். 'நின்றபடி' என்பதை அழுத்திச் சொல்லியிருந்தார்.

சிக்னலில் இன்னொரு ரோஜா விழுந்தது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

கார் ஒரு கணம் தயங்கியது. யாரோ நிஜமாகவே தோளில் ஏறி உட்கார்ந்ததுபோல எஞ்சின் முனகியது. பிறகு குளிர்ச்சி வந்தது. மூன்றாவது ரோஜா விழப்போன இடத்திலேயே நின்றது. வெளியே ஊரே கொதிக்க, ஒரு கண்ணாடிக்கு இப்பால் தனியாக ஒரு பருவகாலம். அவளுக்குப் புல்லரித்தது. பாதி குளிராலும், பாதி பயத்தாலும்.

கேக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது முள் நாடாவுக்குக் கீழே இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, முள் கீழ போயிடுச்சு!"

"எவ்வளவு?"

"ஒரு முடியளவுதான்."

"அப்பாவுக்கு அது போதும். தெருமுனை பங்க்ல கொஞ்சம் ஊத்திட்டு வந்துடு. அங்க நிக்கிற அக்காகிட்ட மட்டும் சொல்லி வை."

பங்க் அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். "வீட்ல தெரியக்கூடாது, அவ்வளவுதானே? கவலைப்படாத கண்ணு. இந்த பங்க்ல குழாய் மட்டும்தான் வாயைத் திறக்கும்."

முள் சரியாக நாடாவில் வந்து நின்றது. மருமகள் நிம்மதியாக வீடு திரும்பினாள். மதியம் மாமியார் தையல் வகுப்பு எடுக்கக் காரை எடுத்துப் போனார். அதன்பின் மாமனார் மன்றத்துக்குப் போனார். இரண்டு பேர் ஓட்டிய பிறகு முள் இறங்கியிருக்கும், அதற்கு அவள் பொறுப்பில்லை.

சோதனை நேரத்தில் மாமனார் முள்ளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

முள் நாடாவுக்கு மேலே இருந்தது.

"ஏறியிருக்கு," என்றார் மெதுவாக.

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஆமா, ஏறித்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, ஏனோ சட்டென்று உள்ளே போனார்.

"எப்படி மாமா?" என்றாள் மருமகள். கேள்வி உண்மையானது.

"வெயில்ல... பெட்ரோல் விரிஞ்சிருக்கும்," என்றார் அவர் அவசரமாக. "தவிர, ஏ.சி. போடாம ஓட்டினா ஒரு வண்டி எவ்வளவு மிச்சம் பிடிக்கும்னு இதுவரைக்கும் யாரும் சரியா அளந்ததில்ல. நாமதான் முதல்ல அளந்திருக்கோம்!"

நாடாவைப் பிய்த்து, முள் நின்ற புதிய இடத்தில் ஒட்டினார். "இனிமே இதுதான் எல்லை."

நாளைக்கு எவ்வளவு ஊற்றவேண்டியிருக்கும் என்று மருமகள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

மறுநாள் புதிய நாடாவை எட்ட, முதல் நாளைவிட அதிகமாக ஊற்றவேண்டியிருந்தது. மாலையில் முள் அதற்கும் மேலே. நாடா மறுபடி ஏறியது. அடுத்த நாள் கேக் டெலிவரியே இல்லை, அவள் காரைத் தொடவும் இல்லை. அன்றும் முள் ஏறித்தான் இருந்தது.

அவளுக்கு இப்போது பயத்தைவிட வியப்பு பெரிதாகிவிட்டது. இந்தக் காருக்குள் எங்கோ பெட்ரோல் சுரக்கிறது. காலையில் யாரும் பார்க்காதபோது பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். க்ரீம் பூசும் மேசைக்கு மட்டும் வைத்திருந்த மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். ஏறி உட்கார்ந்ததும், "போலாங்களா?" என்று காரிடமே அனுமதி கேட்டாள்.

மாமனாரைப் பார்த்தாலும் அவளுக்கு வியப்புதான். மன்றத்திலிருந்து ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காரில் வருவார். இறங்கும்போது சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலைந்திருக்காது. நெற்றியில் ஒரு துளி வியர்வை இருக்காது.

"எப்படி மாமா உங்களுக்கு மட்டும் வேர்க்கவே மாட்டேங்குது?"

"மனசு குளிர்ச்சியா இருந்தா உடம்பும் குளிர்ச்சியா இருக்கும்மா."

"அச்!" என்று உள்ளிருந்து மாமியார் தும்மினார். "தையல் வகுப்புல ஒரே பஞ்சுத் தூசி!"

வெள்ளிக்கிழமை மாமனார் அந்த அறிவிப்பைச் செய்தார்.

"மன்றத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்குப் போறப்போ நானும் வர்றேன். வழியில மன்றத்துல நிறுத்தி முள்ளைக் காட்டிட்டுப் போவோம்."

"நானும் வர்றேன்," என்றார் மாமியார். "கேக்கைப் பிடிச்சுக்க ஆள் வேணும்ல?"

மருமகளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஊரைக் கூட்டிக் காட்டும் அளவுக்கு அற்புதம் முற்றிவிட்டது. இதைக் கொஞ்சம் இறக்கித்தான் ஆகவேண்டும். சனிக்கிழமை ஒரு மரத்தடியில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஏ.சி.யை முழுதாகத் திருப்பி வைத்து உட்கார்ந்திருந்தாள். கார் ஓர் அடிகூட நகரவில்லை, முள் மட்டும் கண்ணெதிரே நகர்ந்தது. நின்ற இடத்தில் ஒரு பொருள் இவ்வளவு குடிக்குமா! அன்று அவள் பங்க் பக்கமே போகவில்லை.

மாலையில் மாமனார் சோதனை நடத்தவில்லை. "நாளைக்கு எல்லாருமா சேர்ந்து பார்ப்போம்," என்றார். அவர் முகத்தில் களை இல்லை. பெரிய விஞ்ஞானிகளுக்கு இப்படித்தான் இருக்கும் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் முதல்முறையாக ஒன்றாகக் காரில் ஏறினார்கள். மாமனார் முன்னால், மாமியார் பின்னால், மாமியார் பக்கத்தில் மூன்றடுக்குக் கேக் வெள்ளைக் கோபுரமாக.

மருமகள் சாவியைத் திருப்பினாள். முள் எழுந்திருக்கவே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

"இதென்ன!" என்றார் மாமனார். "இவ்வளவா...? யாராவது..." என்று தொடங்கியவர் மீதியை விழுங்கிவிட்டார். "சரி. மன்றத்துக்கு முன்னாடி பெட்ரோல் போட்டாகணும்."

"தெருமுனை பங்க் வேணாம்!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அங்க பெட்ரோல் தரம் போதாது," என்றார் மாமனார்.

"எப்பப் பாரு கூட்டம்," என்றார் மாமியார்.

"கேக்கோட அங்க திரும்ப முடியாது," என்றாள் மருமகள்.

பெரிய சாலை பங்க்குக்குப் போவதென்று முடிவாயிற்று. ஆனால் தெரு முனையைத் தாண்டுவதற்குள் கார் நெரிசலில் சிக்கியது. முன்னால் லாரி, பின்னால் பஸ், தலைக்குமேல் வெயில். காருக்குள் மூச்சு முட்டியது. மாமனாரின் நெற்றியில் வியர்வை ஓடுவதை மருமகள் முதல்முறையாகப் பார்த்தாள்.

"ஏம்மா," என்றார் மாமியார் பின்னாலிருந்து, "மேலடுக்கு என்மேல சாய வருது!"

கண்ணாடியில் பார்த்தாள். கோபுரம் நடந்து வந்துகொண்டிருந்தது. மேலாளரின் 'நின்றபடி' காதில் கேட்டது.

"மாமா," என்றாள். "சாவியை நாளைக்கு வாங்கிக்கோங்க. கேக் இன்னைக்குப் போய்ச் சேரணும்."

பொத்தானை அழுத்தினாள். குளிர்ச்சி பாய்ந்தது.

"ஒரு வாரமா ஏ.சி. போட்டுத்தான் ஓட்டுறேன். குறைஞ்சதை உங்களுக்குத் தெரியாம ஊத்திட்டேன். ஆனா நான் ஊத்தினது கொஞ்சம்தான் மாமா. மத்தது எப்படி ஏறுச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அது வண்டியோட மகிமை."

வானம் இடியக் காத்திருந்தாள். இடியவில்லை.

பின்னால் மாமியார் கைப்பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். மாமனார் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும், கண்ணின் உதவி இல்லாமலேயே, குளிர்காற்று வரும் துவாரத்தின் மடலை இரண்டு தட்டுத் தட்டித் தன் கழுத்துக்கு நேராகத் திருப்பியது.

"சாவியைப் பத்திச் சாயங்காலம் பேசுவோம்," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு.

மேலடுக்கு நின்றது. கோபுரம் அசையாமல் நின்றது. ஆனால் எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. பெரிய சாலை வரை இனி போகாது. பக்கத்தில் இருந்தது தெருமுனை பங்க் ஒன்றுதான். மருமகள் வேறு வழியில்லாமல் வண்டியை உள்ளே திருப்பினாள். மாமனார் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மாமியார் கேக்கின் பின்னால் குனிந்தார்.

பங்க் அக்கா குழாயுடன் வந்தார். ஜன்னலுக்குள் குனிந்து மருமகளைப் பார்த்தார், செய்தித்தாளுக்கு மேலே தெரிந்த நெற்றியைப் பார்த்தார், கேக்குக்குப் பின்னால் தெரிந்த சால்வையைப் பார்த்தார். அவர் வாய் தானாகத் திறந்தது.

"அட, மூணு பேரும் ஒரே வீடா? ஆளுக்கொரு நேரத்துல வந்து, 'எங்க வீட்ல மட்டும் தெரிய வேணாம்'னு பெட்ரோல் போட்டுட்டுப் போறதைப் பார்த்து, நான் இதை வாடகை வண்டின்னுல்ல நெனச்சேன்!"