புல் மேய ஒரு விசா

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் இது நடந்த இடத்தில் மரம் குறைவு, புல்தான் அதிகம். மிகப் பெரிய கண்டம் அது. அதன் நடுவே ஓர் ஆறு. ஆற்றுக்குத் தெற்கே ஒரு நாடு, வடக்கே இன்னொரு நாடு. எப்போதோ, எங்கோ ஒரு குளிர்தேசத்தில் சில பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வரைபடத்தில் கோடு இழுத்தபோது அப்படி ஆகிப்போனது. கோடு போட்டவர்கள் யாரும் அந்த ஆற்றைப் பார்த்ததில்லை.

இந்த விவரம் மழைக்கு மட்டும் தெரியாது. தெற்கே பெய்து முடித்ததும் யாரையும் கேட்காமல் வடக்கே போய்விடும். மழை போன பக்கம் புல் முளைக்கும். புல் முளைத்த பக்கம் நூமாடுகள் நடக்கும்.

நூமாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டின் தலை, குதிரையின் வால், ஆட்டின் தாடி. மிச்சம் மீதி சாமான்களை வீணாக்க மனமில்லாமல் யாரோ சேர்த்து ஒட்டியது போல இருக்கும். அந்தக் கூட்டத்தில் நைசுலா என்று ஒருத்தி இருந்தாள். அந்த வருஷம் அவளுக்கு ஒரு பெண் கன்று. தெற்கே புல் கருகிவிட்டதால் அவள் மடியில் பால் குறைந்துகொண்டு வந்தது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்தே நைசுலா மற்றவர்களை முந்திக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள். கூடவே அவள் சிநேகிதி பஹாத்தி வந்தாள். பஹாத்தி ஒரு வரிக்குதிரை. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

ஆற்றின் மேல் இப்போது புதுப் பாலம் இருந்தது. பாலத்தின் முனையில் ஒரு தடுப்புக் கட்டை, பக்கத்தில் ஒரு அலுவலகம். உள்ளே முதலை ஒதியாம்போ தொப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அவன் ஆற்றில் படுத்துக் கிடந்து, நீந்தி வருகிறவர்களில் சிலரைப் பிடித்துத் தின்பான். இப்போது இமிகிரேஷன் அதிகாரி ஆகிவிட்டதால் 'அவர்'. ஆற்றைக் கடக்கிறவர்களோடு இத்தனை வருஷம் நெருங்கிப் பழகியவர் வேறு யார் இருக்கிறார் என்று மேலிடம் கேட்டதாம். யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

"பயண நோக்கம்?" என்றார் ஒதியாம்போ.

"புல்லு மேயணும் சார்," என்றாள் நைசுலா.

"அப்படி ஒரு பிரிவு இல்லம்மா. சுற்றுலா இருக்கு, வியாபாரம் இருக்கு, மாநாடு இருக்கு, வைத்தியம் இருக்கு. இதுல நீ எது?"

"பசிக்குது சார்."

"பசிங்கிறது நோக்கம் இல்லம்மா, நிலைமை. அந்தப் பக்கத்துலேருந்து யாராவது அழைப்புக் கடிதம் குடுத்திருக்காங்களா?"

"புல்லுக்கு எழுதத் தெரியாதே சார்."

"திரும்பி வர்றதுக்கு என்ன உத்தரவாதம்?"

"மழை திரும்புறப்ப நாங்களும் திரும்பிருவோம். எங்கம்மா அப்படித்தான் போயிட்டு வந்தா."

"உங்கம்மா அனுமதி இல்லாம போயிருக்கா. அதையெல்லாம் என்கிட்ட சொல்லாத, அப்புறம் நான் எழுதிக்க வேண்டியிருக்கும்."

அந்த நேரத்தில் ஒரு வெள்ளை நாரை பறந்து வந்து இறங்கியது. கடல் தாண்டி வேறு கண்டத்திலிருந்து வந்த நாரை. ஒதியாம்போ எழுந்து நின்றார். பிரயாணம் சௌகரியமாக இருந்ததா, வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்தார். முத்திரையைக் குத்தினார். நாரை பாலத்தில் ஒயிலாக நடந்து அக்கரைக்குப் போனது.

"அவங்க எதுக்குப் போறாங்க சார்?" என்று நைசுலா கேட்டாள்.

"ஒரு மாசம் தங்கிப் பூச்சி திங்க."

"அதுவும் பசிதானே சார்?"

"அவங்க அதைச் சுற்றுலான்னு எழுதியிருக்காங்க."

"அப்ப நானும் சுற்றுலான்னே எழுதிக்கிறேன்."

ஒதியாம்போ அவளை மேலும் கீழும் பார்த்தார். விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "உன் மூஞ்சியப் பாத்தா சுற்றுலாவுக்குப் போற மாதிரியா இருக்கு?" என்றார். "அடுத்தது."

வெளியே பஹாத்தி கைப்பேசியை வைத்துக்கொண்டு குதித்தாள். "அக்கா, செய்தி வந்திருக்கு. கண்டத்துல இனிமே எல்லையே கிடையாதாம். எல்லாத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டாச்சாம். அக்கரையில பெரிய ஓட்டல்ல விழா நடக்கப் போகுதாம்."

நைசுலாவின் நெஞ்சில் பால் சுரந்தது போல இருந்தது. மறுபடி உள்ளே ஓடினாள். கையெழுத்து ஆகிவிட்டதாமே என்றாள்.

"ஆயிடுச்சு. அமலுக்குத்தான் வரல," என்றார் ஒதியாம்போ. அவர் குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "தெற்கு முதல்ல திறக்கட்டும், அப்புறம் நான் திறக்கிறேன்னு வடக்குல ஆளுற யானை சொல்லுது. வடக்கு திறக்கட்டும்னு நம்ம சிங்கம் சொல்லுது. ஆனா ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுப் படம் எடுத்துக்கிட்டாங்க. அந்த அளவுக்கு முன்னேற்றம்தான்."

"அப்ப நாங்க?"

"நல்ல வேளை ஞாபகப்படுத்தின. இன்னையிலேருந்து விண்ணப்பமும் வாங்க மாட்டோம். எல்லை ஒழிப்பு விழாவுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு. விழா முடியுற வரைக்கும் எல்லை மூடியிருக்கும்."

அலுவலகத்துக்கு எதிரே ஒரு முள்மரம். அதன் கீழே முசோகே என்ற பெருநாரை உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு மாதிரி இறகு, வழுக்கைத் தலை. சட்டம் தெரிந்தவர் என்று பேர். பிணம் தின்கிறவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆலோசனை கேட்கப் போகிற இடத்தில் யாரும் அதைப் பேசுவதில்லை.

"அகதியாப் போயிடுங்க," என்றார் முசோகே. "உயிருக்கு ஆபத்துன்னு நிரூபிச்சாப் போதும். எந்தச் சிங்கமாவது உங்களத் துரத்துதா?"

"எங்களத் துரத்தாத சிங்கம் எது ஐயா?" என்றாள் பஹாத்தி.

"பொதுவாச் சொன்னா எடுபடாது. குறிப்பிட்ட ஒரு சிங்கம் வேணும். அதுகிட்டப் போயி, இவளத் துரத்துறது நான்தான்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"வாங்கப் போனா எங்களத் திருப்பி அனுப்புமா?"

முசோகே தலையைச் சாய்த்து யோசித்தார். "அனுப்பலைன்னா உங்க கேஸ் இன்னும் பலமாகும்," என்றார்.

நைசுலா பஹாத்தியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். கரைக்குத் திரும்பிக் கன்றின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பின்னால் கூட்டம் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. கரையெங்கும் கறுத்த முதுகுகள். அக்கரையின் புல் வாசனை காற்றில் வந்தது. அந்த வாசனைதான் பசியைவிடக் கொடுமை. ஒரு கிழட்டுக் காளை கால் மடித்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. முசோகே எழுந்து போய் அதன் பக்கத்தில் நின்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். கன்று முட்டுவதை நிறுத்திவிட்டது. முட்டினால் வலிக்கிறதே என்று அலுத்துக்கொண்ட நைசுலா, இப்போது அது முட்டாதா என்று காத்துக் கிடந்தாள்.

ஒரு நாள் காலையில் அக்கரையில் வண்டிகள் வந்து வரிசையாக நின்றன. தொப்பியும் தொலைநோக்கியும் ஒரு கை நீளக் கேமராக்களுமாக மனிதர்கள் இறங்கினார்கள். மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். இக்கரையைப் பார்த்தார்கள். மத்தியானம் வரை பார்த்தார்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அலுவலகத்தில் போன் அடித்தது. அழைத்தது அக்கரை விடுதியின் மேலாளர் அம்மாள். அவர் ஒரு நீர்யானை. தொலைபேசி இல்லாமலே கேட்கிற குரல்.

"என்ன நடக்குது அங்க?" என்றார். "உலகப் புகழ்பெற்ற மாபெரும் இடப்பெயர்ச்சின்னு விளம்பரம் குடுத்து விருந்தாளிகள வரவச்சிருக்கேன். மாடுங்க வரிசையில உக்காந்திருக்கு. வரிசையப் பாக்கவா அவங்க கடல் தாண்டி வந்திருக்காங்க?"

ஒதியாம்போ "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று பல தடவை சொன்னார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். முகமே மாறிவிட்டது.

"எல்லாரும் போகலாம்," என்றார். "மேலிடத்துலேருந்து புதுப் பிரிவு வந்திருக்கு. கலை நிகழ்ச்சி."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பஹாத்தி சிரித்தேவிட்டாள். "பாத்தியாக்கா, நாம கலைஞர்களாம். எனக்கு அப்பவே தெரியும், என் உடம்புல இந்தக் கோடெல்லாம் சும்மாவா போட்டிருக்கு."

நைசுலா கன்றை எழுப்பி நிறுத்தினாள். பாலத்தின் பக்கம் திரும்பினாள். ஒதியாம்போ குறுக்கே நின்றார்.

"எங்கம்மா போற?"

"பாலத்துல, சார்."

"பாலம் மாநாட்டுக்காரங்களுக்கு. நீங்க ஆத்துல போகணும். தண்ணியில குதிக்கிறதுதானே நிகழ்ச்சி."

சொல்லிவிட்டு அவர் தொப்பியைக் கழற்றினார். சட்டையைக் கழற்றி, கசங்காமல் மடித்து, நாற்காலியில் வைத்தார். கரையிறங்கி மெதுவாகத் தண்ணீருக்குள் போனார்.

"சார், நீங்க எங்க போறீங்க?" என்றாள் நைசுலா. பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

"நானும் கலை நிகழ்ச்சியில இருக்கேம்மா," என்றார் ஒதியாம்போ. கண்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. நைசுலா கன்றைத் தன் இடது பக்கம் வைத்துக்கொண்டு குதித்தாள். கன்றுக்கு அந்தப் பக்கம் பஹாத்தி குதித்தாள். தண்ணீர் காதுக்குள் இரைந்தது. சேறும் குளம்பும் கொம்புமாக எது யாருடையது என்று தெரியவில்லை. கன்றின் மூக்கு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. "புடி, புடி, கரை வந்துருச்சு," என்று பஹாத்தியின் குரல் கேட்டது. கரை வரவில்லை, கன்றுக்காக அவள் சொன்ன பொய் அது. பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை. நைசுலா திரும்பியபோது கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஒரு சுழிக்குள் போவதைப் பார்த்தாள். அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. கன்றை நெற்றியால் முட்டித் தள்ளிக்கொண்டே கரையேறினாள்.

அக்கரையில் கைதட்டல் காதைப் பிளந்தது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு இயற்கையா இருக்கு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நைசுலா ஈரம் சொட்டச் சொட்டத் தலையைக் குனிந்து புல்லைக் கடித்தாள். ருசியாக இருந்தது. ருசியாக இருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தின்றாள். பொழுது சாய்வதற்குள் கன்று பால் குடித்தது.

அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்று விழா மேடையில் பெரிதாக வைக்கப்பட்டது. நைசுலாவும் கன்றும் பஹாத்தியும் ஒன்றாகத் தண்ணீரில் பாய்கிற படம். "நம் கண்டத்தில் எல்லைகள் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்று சிங்கமும் யானையும் மாறி மாறிப் பேசினார்கள். விருந்து பிரமாதம் என்று கேள்வி.

விடுதி மேலாளர் அம்மாள் மறுநாள் நைசுலாவைத் தேடி வந்தார். தாமதமாக வந்த விருந்தாளிகள் சிலருக்காக இன்னொரு தடவை குதிக்க வேண்டும், மழை திரும்பும்போது தெற்கே போகிற காட்சிக்கும் இப்போதே முன்பதிவு ஆகிவிட்டது, கலைஞர்கள் பிரிவில் இவர்கள் பெயர் நிரந்தரமாக இருக்கும், இனி விசா பற்றிக் கவலையே வேண்டாம் என்றார். அந்த வரிக்குதிரை நன்றாகச் செய்தது, அதற்குப் பதில் இன்னொன்று கிடைக்குமா என்றும் கேட்டார்.

நைசுலாவுக்கு அவரை முட்டித் தள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நீர்யானையை முட்டி எந்த நூமாடு பிழைத்திருக்கிறது? "வரிக்குதிரைங்க நிறையக் கிடைக்கும்மா," என்றாள்.

மேலாளர் போன பிறகு கன்றை ஒரு சின்ன மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்து குதிக்கச் சொன்னாள். கன்று குதித்தது.

"இப்படிக் குதிக்காத," என்றாள். "தலையத் தூக்கு. கண்ணை நல்லா விரிச்சுக்க, பயந்த மாதிரி தெரியணும். வண்டி நிக்கிற பக்கம் மூஞ்சிய வச்சுக்க. அவங்க பாத்துக்கிட்டே இருக்கிற வரைக்கும்தான் கதவு திறந்திருக்கும்."

கன்று மறுபடி குதித்தது. இந்த முறை நன்றாக வந்தது.

நீதி: பசிக்கிறது என்று சொன்னால் எல்லை திறக்காது, பார்க்கும்படியாகச் சாகத் தெரிந்தவர்களுக்கு விசா தேவையில்லை.